அத்திப்பள்ளியிலிருந்து வந்த மாத்திரை: ஒரு நிகழ்வு ஆய்வு

புறநோயாளிச் சீட்டில் "வயிற்று வலி" என்று எழுதியிருந்தது. மகளிர் பிரிவுக்கு வரும் சீட்டுகளில் பாதி இப்படித்தான் இருக்கும். சீட்டு போடும் இடத்தில் பத்துப் பேருக்கு நடுவே நின்றுகொண்டு உள்ளதைச் சொல்ல யாராலும் முடியாது. உள்ளே வந்து, திரையை இழுத்துவிட்டு, சிஸ்டர் வெளியே போன பிறகுதான் பேச்சு வரும்.

27 வயது. இரண்டு குழந்தைகள், சின்னவனுக்கு 14 மாதம். கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மணிபர்ஸைத் திறந்து, நான்காக மடித்த காகிதத்திலிருந்து காலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மேடம், இத நேத்து சாயங்காலம் போட்டேன். நான் டிபி மாத்திரையும் சாப்புடறேன். ரெண்டும் சேர்ந்தா உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதில்ல?"

அட்டையில் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம். பாதுகாப்பில்லாத உடலுறவுக்குப் பிறகு அவசரத்துக்குப் போடும் ஒற்றை மாத்திரை. அவர் பயந்தது உடம்புக்கு என்ன ஆகுமோ என்று. உடம்புக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு உறைத்தது வேறு: டிபி மருந்து அந்த மாத்திரையை என்ன செய்திருக்கும்?

அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் உள்ளபடி.

சனி இரவு முதல் செவ்வாய் காலை வரை

இதுபோன்ற சமயத்தில் நான் முதலில் ஒரு காகிதத்தில் கோடு போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்வேன். "ரெண்டு நாள் ஆச்சு" என்று ஒருவர் சொன்னால் அது 30 மணி நேரமாகவும் இருக்கலாம், 65 மணி நேரமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

சனிக்கிழமை இரவு சுமார் 11 மணிக்கு ஆணுறை கிழிந்துவிட்டது. கிழிந்ததைப் பார்த்ததும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. கடைசி மாதவிலக்கு தொடங்கி அன்று 12-ஆம் நாள். அவருக்கு 29, 30 நாளுக்கு ஒருமுறை வரும். அதாவது கருமுட்டை வெளிவர இன்னும் மூன்று நான்கு நாள் இருந்திருக்கலாம். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். கரு தரிக்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் மூன்று மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினார். முதல் கடையில் "ஸ்டாக் இல்ல". இரண்டாவதில் "டாக்டர் சீட்டு இருக்கா?". மூன்றாவது கடைக்காரர் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாராம்: "கலைக்கிற மாத்திரையெல்லாம் இங்க விக்கிறதில்லைங்க." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, அவர் ஒரு பாராசிட்டமால் அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்டில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர், "அத்திப்பள்ளியில கேளு, கெடைக்கும்" என்று சொல்லியிருக்கிறார். மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறி, ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் முதல் ஊரில் இறங்கினார். முதல் கடையிலேயே கிடைத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்து, மனைவி மாத்திரையைப் போட்டபோது மாலை 5 மணி.

42 மணி நேரம். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தபோது 60.

இந்த மணிக்கணக்குக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1998-ல் உலக சுகாதார நிறுவனம் ஏறத்தாழ 2,000 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. லெவோநார்ஜெஸ்ட்ரெலை முதல் 24 மணி நேரத்துக்குள் போட்டவர்களிடம், தரித்திருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 சதவீதம் தடுக்கப்பட்டது. 25 முதல் 48 மணி நேரத்தில் 85 சதவீதம். 49 முதல் 72 மணி நேரத்தில் 58. ஞாயிறு காலையே அந்த முதல் கடையில் மாத்திரை இருந்திருந்தால் இவர் முதல் வரிசையில் இருந்திருப்பார். ஆனால் இவர் விஷயத்தில் அதுகூடப் போதுமானதாக இருந்திருக்காது. அங்கேதான் அவருடைய டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் வருகிறது.

தடையே இல்லாத தடை

கடைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். லெவோநார்ஜெஸ்ட்ரெல் அவசரக் கருத்தடை மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க இந்தியாவில் 2005-இலிருந்து அனுமதி உண்டு. 2007-ல் ஐ-பில் என்ற அவசர மாத்திரை சந்தைக்கு வந்தது, டிவியில் விளம்பரம் ஓடியது, அந்த விளம்பரங்களுக்கு எதிர்ப்பும் கிளம்பியது. தமிழ்நாட்டில் மட்டும் கடைகள் மெல்ல மெல்ல அதை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. தடை என்று சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் கேட்டால் கிடைக்காது. மருந்து ஆய்வாளர் வந்து கேள்வி கேட்பாரோ என்ற பயம் பாதி, "நமக்கெதுக்கு வம்பு" பாதி.

அந்த மூன்றாவது கடைக்காரர் சொன்னது அறியாமைதான், ஆனால் அவர் தனி ஆள் இல்லை. நம் பேச்சில் "அந்த மாத்திரை" என்றால் இரண்டையும் குறிக்கும். மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் சேர்ந்தது கருக்கலைப்பு மருந்து. அது 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் மருத்துவர் கொடுக்க வேண்டியது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் செய்வது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது மட்டும். கருமுட்டையை வெளியேற்றும் ஹார்மோன் ஏறத் தொடங்கிவிட்டால் இந்த மாத்திரையால் அதைக்கூடத் தடுக்க முடியாது. கர்ப்பம் தரித்துவிட்ட பிறகு போட்டால் கர்ப்பம் கலையாது, குழந்தைக்கும் கெடுதல் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 டிசம்பரில் இந்த மாத்திரையின் விவரக் குறிப்பைத் திருத்தி, கரு பதிவதை இது தடுப்பதில்லை என்பதைத் தெளிவாகவே எழுத வைத்தது. கலைக்கும் மாத்திரை என்று பெயர் வாங்கிக்கொண்டு, கலைக்கத் தெரியாமல் ஒரு மருந்து உலாவுகிறது.

மருந்துப் பையும் மாலா-என் அட்டையும்

அவருடைய துணிப்பையில் காசநோய்ப் பிரிவில் கொடுத்த மாத்திரைகள் இருந்தன. நுரையீரல் காசநோய், சிகிச்சையில் நான்காவது மாதம். முதல் இரண்டு மாதத்துக்கான நான்கு மருந்துகள் முடிந்து, இப்போது ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், எதாம்புட்டால் மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரை, எடைக்கேற்ப தினம் நான்கு. எடை 57 கிலோ. சிகிச்சை தொடங்கியபோது 51. சளியில் கிருமி இல்லை. அந்த ஞாயிறு வரை மருந்தை ஒரு நாள்கூட விட்டதில்லை. நல்ல நோயாளி.

"ஆணுறைக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"மாலா-என் சாப்புட்டேன் மேடம். நர்ஸம்மா வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாங்க. டிபி மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டாம் மாசம், அட்டை முடியறதுக்குள்ளயே நடுவுல நடுவுல ரத்தம் பட்டுச்சு. சூடு ஒத்துக்கலன்னு நெனச்சு நிறுத்திட்டேன்."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன். அந்த ரத்தக் கசிவுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. ரிஃபாம்பிசின் கல்லீரலில் உள்ள நொதிகளைத் தூண்டிவிடும் மருந்து. தூண்டப்பட்ட கல்லீரல், மாலா-என் போன்ற தினசரிக் கருத்தடை மாத்திரையில் இருக்கும் இரண்டு ஹார்மோன்களையும் வழக்கத்தைவிட வேகமாக அரைத்துத் தள்ளிவிடும். ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியும்போது கர்ப்பப்பையின் உட்சுவர் நிலைகொள்ளாமல் கசியும். "உன் மாத்திரை வேலை செய்யவில்லை" என்று அவர் உடம்பு இரண்டு மாதத்துக்கு முன்பே தகவல் அனுப்பிவிட்டது. அதை வாங்கிப் படிக்க ஆளில்லை. காசநோய்ப் பிரிவில் கருத்தடை பற்றிக் கேட்கவில்லை. மாலா-என் கொடுத்தவர் காசநோய் பற்றிக் கேட்கவில்லை. இரண்டும் ஒரே துறைதான், எங்கள் துறைதான். எங்களிடம் வந்திருந்தால் நாங்கள் கேட்டிருப்போமா என்பதையும் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்பதை மட்டும் எல்லோரும் தவறாமல் சொல்லியிருந்தார்கள். பயந்துவிடக் கூடாதே என்று.

எது எதைக் கணக்கில் எடுத்தோம்

அவர் போட்ட மாத்திரைக்கும் இதே கதிதான். மாலா-என் மாத்திரையில் இருப்பதும் லெவோநார்ஜெஸ்ட்ரெல்தான், அளவுதான் வேறு. ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமசெபின், எஃபாவிரென்ஸ் போன்ற மருந்துகளை எடுப்பவர்களிடமும், நிறுத்தி நான்கு வாரம் ஆகாதவர்களிடமும் அவசர மாத்திரையை நம்பி இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்கப்பட்ட நிலை. வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் இந்தப் பட்டியலில் நிறைய; அவர்களிடமும் யாரும் கேட்பதில்லை.

மாற்று வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கி 3 மில்லிகிராமாக ஒரே தடவையில் கொடுப்பது ஒரு வழி. இங்கிலாந்தில் 2016 முதல் இத்தகைய மருந்து எடுப்பவர்களுக்கு, காப்பர்-டி வேண்டாம் என்று சொன்னால், இதைப் பரிந்துரைக்கிறார்கள். உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் இரட்டை அளவு பேசப்படுகிறது. ஆனால் இது வேலை செய்யும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல், அவ்வளவுதான். இவருக்கோ 15-ஆம் நாள் ஆகிவிட்டது. கருமுட்டை ஏற்கெனவே கிளம்பியிருந்தால் எத்தனை மாத்திரை கொடுத்தும் பயனில்லை.

பழைய முறை ஒன்று உண்டு. கனடா மருத்துவர் ஆல்பர்ட் யூஸ்பே 1970-களில் கொண்டுவந்தது. சாதாரணக் கருத்தடை மாத்திரையையே நிறையப் போடுவது: மாலா-என் என்றால் நான்கு வெள்ளை மாத்திரை, 12 மணி நேரம் கழித்து மறுபடி நான்கு. அதே அட்டையில் இருக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. வேறெதுவும் கிடைக்காத ஊரில், ரிஃபாம்பிசின் எடுக்காத ஒரு பெண்ணுக்கு இது கைகொடுக்கும். வாந்தி அதிகம், பலன் குறைவு. நான் மேலே சொன்ன 1998 ஆய்வே லெவோநார்ஜெஸ்ட்ரெலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் நடந்தது. இவருக்கு இது பேச்சுக்கே இடமில்லை.

யூலிப்ரிஸ்டால் 30 மில்லிகிராம் என்ற இன்னொரு அவசர மாத்திரை ஐந்து நாள் வரை வேலை செய்யும், ஹார்மோன் ஏறத் தொடங்கிய பிறகும் கருமுட்டையைத் தடுத்து நிறுத்தும். அதையும் ரிஃபாம்பிசின் விட்டுவைக்காது. போதாததற்கு லெவோநார்ஜெஸ்ட்ரெல் போட்ட கையோடு அதைப் போட்டால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும்.

மிச்சம் காப்பர்-டி. ஐந்து நாளுக்குள், அதாவது வியாழன் இரவுக்குள், உள்ளே வைத்துவிட்டால் 99 சதவீதத்துக்கும் மேல் பலன். எடை எவ்வளவு என்றாலும், என்ன மருந்து சாப்பிட்டாலும் அதற்குக் கவலையில்லை. செம்பு கல்லீரல் வழியாகப் போவதில்லை. இருக்கிற இடத்திலேயே விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. அதையும் மீறி முட்டை கருவுற்றால் அது பதியவும் விடாது. இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். சிலருக்கு மனசு ஒப்பாது, அது அவர்கள் உரிமை. இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அதுவரைக்கும் ஒண்ணும் ஒட்டியிருக்காதில்ல?" என்றார். ஒட்டியிருக்காது. கருமுட்டை வெளிவந்து கர்ப்பப்பையில் ஒட்ட ஆறு நாளாவது ஆகும். "சரிங்க மேடம்."

ஒரே ஒரு எச்சரிக்கை இருந்தது, இதை எழுதக் காரணங்களில் அதுவும் ஒன்று. காசநோய் நுரையீரலில் இருந்தால் காப்பர்-டி வைக்கத் தடையில்லை. கர்ப்பப்பையிலோ கருக்குழாயிலோ இருந்தால் வைக்கவே கூடாது. எனவே "வயிற்று வலி" என்ற சீட்டை இப்போது உண்மையாகவே விசாரிக்க வேண்டியதாயிற்று. நாள்பட்ட அடிவயிற்று வலி, வெள்ளைப்படுதல், மாதவிலக்கு குறைவது, நிற்பது என்று எதுவும் இல்லை. பரிசோதனையில் கர்ப்பப்பை வழக்கமான அளவு, நன்றாக அசைந்தது, தொட்டால் வலி இல்லை, பக்கங்களில் கட்டி இல்லை. ஸ்கேனில் கருக்குழாய்களில் வீக்கம் இல்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. சனிக்கிழமை நடந்ததை அந்தப் பரிசோதனை காட்டாது. அதற்கு முன்னால் கர்ப்பம் எதுவும் இல்லை என்பதற்காகத்தான் அது. இந்த மாதவிலக்குக்குப் பிறகு வேறு எப்போதாவது ஆணுறை இல்லாமல் இருந்ததா என்பதையும் கேட்டுக்கொண்டேன். இல்லை.

அரை மணி நேரம்

கணவர் வெளியே பெஞ்சில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிடலாமா என்று இவரிடம் கேட்டேன். காப்பர்-டி வைக்கக் கணவரின் கையெழுத்து தேவையில்லை. இன்னமும் சில இடங்களில் கேட்கிறார்கள், கேட்கக் கூடாது. "கூப்பிடுங்க மேடம், அவருதான் ரொம்ப பயந்துட்டிருக்கார்."

அவர் பயம் வேறு தினுசு. "எங்க சித்தி சொல்லுவாங்க மேடம், காப்பர்-டி மேல ஏறி நெஞ்சுக்குப் போயிடும்னு."

வரைந்து காட்டினேன். கர்ப்பப்பை மூடிய பை, மேலே போக வழி கிடையாது. வைக்கும்போது சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கிறது; அப்படி நடந்தால் எடுக்க முடியும். இருபதில் ஒருவருக்கு முதல் வருடத்தில் தானாகவே வெளியே வந்துவிடும், அதனால் மாதம் ஒருமுறை நூல் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று நான்கு மாதம் உதிரப்போக்கு கூடும். நெஞ்சுக்குப் போனதாக நான் பார்த்ததில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தலையாட்டினார்.

கர்ப்பப்பை ஆழம் 7 சென்டிமீட்டர். காப்பர்-டி 380ஏ, பத்து வருடம் வரை இருக்கலாம். வைத்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சற்று வியர்த்தது, கால் மணி நேரம் படுக்க வைத்தோம். மாத்திரை போட்டு 18 மணி நேரம் ஆகியிருந்தது, வாந்தி எதுவும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்திருந்தால் மாத்திரையை மறுபடி போட வேண்டும். இவருக்கு அந்தக் கேள்வியே அவசியமற்றதாகிவிட்டது. குழந்தைக்கு இரவில் தாய்ப்பால் கொடுக்கிறார். மாத்திரையாலும் காப்பர்-டியாலும் அதற்கு இடைஞ்சல் இல்லை.

ஒருவேளை கர்ப்பம் ஆகியிருந்தால் என்ன என்றும் கணவர் கேட்டார். டிபி மருந்தால் குழந்தை ஊனமாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மூன்று மருந்துகளும் கர்ப்பத்தில் கொடுக்கப்படுபவைதான், மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து என்று சொன்னேன். அந்தப் பயத்தில் அவர் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் டிபி மாத்திரையை மனைவியிடமிருந்து எடுத்து ஒளித்து வைத்திருந்தாராம். அப்போதுதான் சொன்னார். அன்றைக்குள்ள நான்கு மாத்திரையையும் அங்கேயே, என் மேஜைத் தண்ணீரில் போட வைத்தேன்.

பச்சை அலமாரி

இதை எழுதத்தான் வேண்டும். எங்கள் பிரிவின் பச்சை இரும்பு அலமாரியில், இரண்டாவது தட்டில், அரசு வழங்கும் ஈசி பில் அட்டைகள் இருந்தன. அதே லெவோநார்ஜெஸ்ட்ரெல், அதே 1.5 மில்லிகிராம், காசு கிடையாது. அந்த மூன்று கடைகளுக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கும் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பிரசவ அறையில் ஆள் இருந்தார்கள், அலமாரிச் சாவியும் இருந்தது. கணவருக்கு இங்கே வந்து கேட்கலாம் என்றே தோன்றவில்லை. தோன்றும்படி நாங்கள் எதையும் எழுதி ஒட்டியதில்லை. அட்டைகளை எடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு அடுத்த இரண்டு மாதத்தில் காலாவதி. கேட்டு யாரும் வராததால் அப்படியே கிடந்தவை.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 நெறிமுறை சொல்கிறது. அதற்கென்றுதான் இது இருக்கிறது என்று எங்கள் ஊழியர்களில் சிலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆணுறை கிழிந்த புருஷன் பெண்டாட்டிக்கும் இதுதான் என்பது அவர்களுக்குச் செய்தி.

அந்த வாரம் காசநோய்ப் பிரிவுடன் பேசினோம். பெண் நோயாளிகளின் சிகிச்சை அட்டையில், எடைக்குப் பக்கத்தில், கையால் இரண்டு வரி சேர்த்தார்கள்: கடைசி மாதவிலக்கு எப்போது, கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள். மாலா-என் என்று பதில் வந்தால் எங்களிடம் அனுப்ப வேண்டும். காப்பர்-டி வேண்டாம் என்பவர்களுக்கு அந்தரா என்ற கருத்தடை ஊசி இருக்கிறது; மூன்று மாதத்துக்கு ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு அது அசைந்து கொடுப்பதில்லை.

தொடர் பரிசோதனை

மாதவிலக்கு 31-ஆம் நாள் வந்தது. ஒரு நாள், இரண்டு நாள் தள்ளி. இந்த மாத்திரைக்குப் பிறகு ஒரு வாரம் முன்னே பின்னே ஆவது வழக்கம். உதிரப்போக்கு கூடுதல், ஐந்து நாள். மூன்று வாரம் முடிந்து செய்த சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் இல்லை. கர்ப்பத்தைத் தடுத்தது மாத்திரையா, காப்பர்-டியா, அல்லது அந்த மாதம் எதுவும் நடந்தே இருக்காதா என்பதை ஒற்றை நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது.

ஆறாவது வாரம் வந்தபோது நூல் சரியாக இருந்தது. டிபி மருந்து இன்னும் சில நாளில் முடிகிறது என்றார்.

"அது முடிஞ்சதும் இத எடுத்துட்டு மாலா-என்னுக்கே போயிடலாமா மேடம்?"

"போகலாம். கடைசி மாத்திரை போட்டு நாலு வாரம் கழிச்சுதான். அதுவரைக்கும் கல்லீரல் அதே வேகத்துலதான் இருக்கும்."

விரல் விட்டு எண்ணினார். "ஆடி வந்துடும். நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கி மணிபர்ஸில் வைத்தார். காப்பர்-டி இன்னும் அவரிடம் இருக்கிறது.